உறையூர் உண்மைவிரும்பி

அன்று காலை பிச்சைமுத்து ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் பிச்சைமுத்து. வழிமொழிந்தவரும் அவரே. எதிர்த்து வாக்களித்திருக்கக்கூடிய மனைவி மயிலம்மாள் அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"இனி நமது போராட்டம் இணையத்தில்!" என்று முழங்கினார்.

"முழங்குனது போதும். முன் ரூமை எப்பக் காலி பண்றீங்க?" என்றது அடுப்படி.

அந்த வீட்டில் அதுதான் பிரச்சினை. ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது வீடு. முன் அறை, கூடம், அடுப்படி. அவ்வளவுதான். ஜன்னலும் காற்றும் முன் அறைக்குத்தான் வாய்த்தன. ஆனால் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தவை காகிதங்கள். பிச்சைமுத்து வாழ்நாளெல்லாம் அச்சடித்த துண்டறிக்கைகள், கட்டுக் கட்டாக, இரண்டு நீள மரப் பெஞ்சுகளின் மேல் உத்தரம் வரைக்கும் ஏறி உட்கார்ந்திருந்தன. மூலையில் சுருட்டி வைத்த துணிப் பேனர்கள். ஒரு ஒலிபெருக்கிக் குழாய். அதற்குள் ஒரு பல்லிக் குடும்பம், வாடகையில்லாமல்.

மகள் யாழினி ஓசூரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்து வரவேண்டும். அவள் எங்கே படுப்பாள்? பிள்ளைக்கு எங்கே தூளி கட்டுவது? கூடத்தில் படுக்கவைத்தால் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் தாண்டித்தான் போகவேண்டும்.

"மயிலு, அது ரூம் இல்ல. தலைமை அலுவலகம்."

"சரி. அதுல தலைவர் யாரு?"

"நான்."

"செயலாளர்?"

"அதுவும் நான்தான்."

"பொருளாளர்?"

"கந்தப்பன் போனதுக்கப்புறம் கூடுதல் பொறுப்பா நானே..."

"அப்ப மூணு பேரும் கொஞ்சம் எந்திரிச்சு வெளிய வந்தீங்கன்னா, புள்ளத்தாச்சிப் பொண்ணு உள்ள படுப்பா."

பிச்சைமுத்து அறையைக் காலி செய்வதா? அவரால் முடியாது. காரணம் பிடிவாதம் மட்டுமல்ல. அச்சில் ஏறிவிட்ட ஒரு வாக்குறுதி.

ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று தெருமுனைப் பஸ் ஸ்டாப்பின் நிழற்குடையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ரோடு அகலமானது. நிழற்குடை திரும்பவில்லை. ஜனங்கள் வெயிலில் நின்று கருவாடானார்கள். அன்றே பிச்சைமுத்து 'பயணிகள் உரிமை மீட்புப் போராட்டக் குழு'வைத் தொடங்கி, துண்டறிக்கை அச்சடித்து, அதன் கடைசி வரியில் தடித்த எழுத்தில் இப்படிப் போட்டிருந்தார்: "நிழற்குடை எழும் நாள்வரை நமது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு துண்டுத்தாள்கூட வெளியேறாது. இது உறுதி! உறுதி! உறுதி!"

ஒரு உறுதியோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று போட்டுவிட்டார்.

அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது சொற்பம். பட்டறையில் பிட்டராக இருந்தபோது, டீக்கடையில் வடை மடித்துத் தந்த துண்டறிக்கைகளைப் படித்துப் படித்தே தமிழ் கற்றவர். அதனால் அச்சடித்த சொல்லின் மேல் அவருக்கு ஒரு பயபக்தி. கொள்கைக்காக இரண்டு முறை வேலை இழந்தார். ஒரு முறைகூடச் சொன்ன சொல்லை வாபஸ் வாங்கியதில்லை. அவர் தோளில் கைபோட்டுக் கோஷம் போட்டவர்கள் இன்று பேரன்களோடு அமெரிக்காவில் பனிமனிதன் செய்கிறார்கள். அவர் மட்டும் இன்னும் முனையில் நின்று தாள் நீட்டுகிறார்.

அந்தத் தாளையும் இப்போது யாரும் வாங்குவதில்லை. தில்லை நகர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு ரோசரிகூட, தினமும் அந்த வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவள், தாளை வாங்கி விசிறிக்கொண்டே, "அங்கிள், இதை போன்ல அனுப்பிடுங்களேன். பஸ்ஸுக்கு நிக்கிறப்ப பாப்பேன்" என்றாள். அந்தச் சொல்தான் அவரைத் தைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் காலைத் தீர்மானம்.

"நிழற்குடை வரட்டும், மயிலு. மறுநாளே காலி. அதுக்குத்தான் இணையத்துல இறங்குறேன்."

"உங்க இணையம் வந்து நிழற்குடை வர்றதுக்குள்ள பேரப்புள்ள பஸ்ஸேறி காலேஜுக்குப் போயிரும்" என்றாள் மயிலம்மாள். வெண்டைக்காய் படாரென்று எண்ணெயில் விழுந்தது.

பேஸ்புக்கில் பக்கம் தொடங்கினார். 'பின்தொடர்வோர்' என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. போலீஸ் உளவாளிகள்தான் அவரை அப்படிப் பின்தொடர்ந்தவர்கள். 'அணிவகுப்போர்' என்று அழைத்தார். அணிவகுத்தவர்கள் ஒரு டஜன் பேர்கூட இல்லை. அதில் இருவர் காலமாகிவிட்டவர்கள். அவர்கள் போனை யாரோ நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயக்குமாரிடம் போய்க் கேட்டார்.

"என்ன தம்பி, கருத்து நல்ல கருத்துதானே? ஏன் ஒருத்தனும் வர மாட்டேங்கிறான்?"

"கருத்து நல்லாத்தான் சார் இருக்கு. அதான் யாரும் பாக்கல."

"புரியல."

"ரிஸ்க் எடுக்கணும் சார். எடுத்தவுடனே நாலு பக்கத்துக்குக் கோரிக்கை போட்டா, கட்டை விரல வச்சுத் தள்ளிட்டுப் போயிருவான். சண்டை வேணும். எங்கயாச்சும் ரெண்டு பேர் அடிச்சுக்கிறாங்கன்னா பஸ்ஸையே விட்டுட்டு நின்னு பாப்பான் நம்ம ஆளு. உங்களைத் திட்டறதுக்கு யாராவது இருக்காங்களா?"

பிச்சைமுத்து யோசித்தார். ஒரு காலத்தில் அவரைத் திட்டப் பட்டாளமே இருந்தது. இப்போது திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. ஒரு போராளிக்கு இதைவிட அவமானம் கிடையாது.

"வீட்டம்மா திட்டறது கணக்குல வராதா?"

"அது வெளிய வராதே சார்."

திரும்பி நடக்கும்போதுதான் பழைய ஞாபகம் பளிச்சிட்டது. அந்தக் காலத்தில் பொதுக்கூட்டத்துக்குக் கூட்டம் சேராவிட்டால் பிச்சைமுத்து ஒரு வேலை செய்வார். தன்னையே திட்டி ஒரு துண்டறிக்கை எழுதுவார். அதை வழக்கமான அச்சகத்தில் கொடுக்காமல், உறையூரில் வேறோர் அச்சகத்தில், ரோஸ் கலர் தாளில் அடிப்பார். 'பிச்சைமுத்துவே, பதில் சொல்!' என்று தலைப்பு. அடியில் கையெழுத்து: 'உறையூர் உண்மைவிரும்பி.' அதைப் படித்தவர்கள், பிச்சைமுத்து என்னதான் பதில் சொல்கிறான் பார்க்கலாம் என்று திரண்டு வருவார்கள். தெப்பக்குளத்தருகே ஒருமுறை நிற்க இடமில்லை. புதுப்பெண்டாட்டி மயிலம்மாள்தான் வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் மடிப்பாள். வெள்ளைத் தாள் ஒரு பக்கம். ரோஸ் தாள் ஒரு பக்கம்.

உண்மைவிரும்பியை உயிர்ப்பிப்பது என்று முடிவு செய்தார். அபாயகரமான காரியம்தான். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். ஆனால் அபாயத்துக்கு அஞ்சியவன் என்று அவர் பெயரை எந்த எதிரியும் இதுவரை அச்சடித்ததில்லை.

ஒரே ஒரு இடைஞ்சல். இன்னொரு கணக்கு தொடங்க இன்னொரு போன் நம்பர் கேட்டது. வீட்டில் இருந்த இன்னொரு நம்பர் மயிலம்மாளுடையது. அதைப் போட்டார். அடுப்படியில் 'டிங்' என்றது.

"மயிலு, உன் போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும். படி."

"யாரு அனுப்புனது?"

"அது... பேங்க்."

"பேங்க்ல எனக்கு என்ன இருக்கு, பேங்க்காரன் என்னைத் தேடி வர?"

"கேஸ் கம்பெனி. படி, சீக்கிரம்."

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கே."

"யாருக்கும்னா வெளியாளுக்கு. நான் உன் புருஷன்."

"அதைத்தான் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அங்காளம்மன் பூசாரி குறி சொல்வதுபோல ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். பிச்சைமுத்து பெருவிரலால் குத்தினார். உண்மைவிரும்பி மறுபிறவி எடுத்தார்.

போர் தொடங்கியது.

'பிச்சைமுத்துவே, பதில் சொல்! நிழற்குடை கேட்பது நாடகமா?' என்று உண்மைவிரும்பி சீறினார். 'நாடகம் உமது தொழில். போராட்டம் எமது மூச்சு!' என்று பிச்சைமுத்து பாய்ந்தார். உண்மைவிரும்பிக்கு எப்போதும் ஒற்றை வரி. பிச்சைமுத்துவுக்கு எப்போதும் ஒரு பக்கம். உண்மைவிரும்பி திணறுவதாகவே எல்லாச் சண்டையும் முடியும். அது இயற்கைதானே.

ஜெயக்குமார் சொன்னது பலித்தது. தெரு திரண்டது. கடையில், கோயில் வாசலில், பஸ்ஸில் பேச்சு இதுதான். அணிவகுப்போர் பெருகினார்கள்.

"அங்கிள், யாரு அந்த உறையூர்க்காரன்? உங்களைப் போட்டு இந்தத் திட்டு திட்டறான்?" என்று ரோசரி கேட்டாள்.

"காய்ச்ச மரத்தைத்தான் கல்லால அடிப்பாங்க, ரோசரி. அடிக்கட்டும்" என்றார் பெருந்தன்மையாக. வீட்டுக்குள் வந்து அடுத்த கல்லைத் தயார் செய்தார்.

மயிலம்மாள் எதுவும் கேட்கவில்லை. மாலையில் ரோசரி வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து மயிலம்மாளின் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது 'டிங்' என்றது.

"என்ன பாக்கறீங்க?"

"பிரசவ லேகியம் கிண்டறது எப்படின்னு" என்றாள் மயிலம்மாள்.

"அமுத்தினா தானே வருது அங்கிள்" என்றாள் ரோசரி.

மறுநாள் உண்மைவிரும்பிக்குள் நுழையப் போனார் பிச்சைமுத்து. கடவுச்சொல் தவறு என்றது. திரும்ப அடித்தார். தவறு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அடித்தார். தவறு. தன் சொந்த எதிரியின் வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து யாரும் திறக்கவில்லை.

திறக்காததோடு நிற்கவில்லை. அன்று மத்தியானம் உண்மைவிரும்பி பேசினார். பிச்சைமுத்து எழுதாத பேச்சு.

'ஜனங்களுக்கு உட்கார இடம் கேட்கும் தலைவர் வீட்டு முன் அறையில் இரண்டு பெஞ்சு இருக்கிறது. அதில் காகிதம் உட்கார்ந்திருக்கிறது. அவர் மனைவி நிற்கிறாள். பஸ் ஸ்டாப்பில் ஜனங்களும் நிற்கிறார்கள். பிச்சைமுத்துவே, பதில் சொல்!'

பிச்சைமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. இதுவரை உண்மைவிரும்பி ஒரு முறைகூட உண்மையைச் சொன்னதில்லை.

போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

"மயிலு! இதைப் பாரு! எவனோ ஒருத்தன்..."

அவள் படித்தாள். மெதுவாகப் படித்தாள். ரசித்துப் படித்தாள் என்று பிற்பாடு அவருக்குத் தோன்றியது.

"யாருங்க இந்தப் பாவி? இப்படிப் போட்டிருக்கான்?"

"அதான் கேக்கறேன். வீட்டுக்குள்ள பெஞ்சு கெடக்கறது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருப்பான்."

பிச்சைமுத்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"ஆனா ஒண்ணுங்க" என்றாள் அவள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே. "பாவியா இருந்தாலும், பெஞ்சு விஷயத்துல கொஞ்சம் நெசமாத்தான் பேசறான் இல்ல?"

"நீ எந்தப் பக்கம்?"

"நான் எப்பவும் போல நின்னுட்டுத்தான் இருக்கேன். உக்கார எடம் எங்க இருக்கு, பக்கம் பாக்க?"

அந்தப் பதிவுக்குக் குவிந்த கூட்டத்தைப் பிச்சைமுத்து தன் வாழ்நாளில் கண்டதில்லை. 'தலைவரே, பெஞ்சு எங்கே?' என்று ஊரே கேட்டது. கடைக்குப் போனால் கேட்டார்கள். குளிக்க அம்மாமண்டபம் படித்துறைக்குப் போனால், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவர், "பெஞ்சு எங்கே சார்?" என்றார்.

ஜெயக்குமாரிடம் போய்க் குமுறினார். "என் எதிரியை எவனோ கடத்திட்டான் தம்பி."

"எதிரியவா?"

பிச்சைமுத்து அக்கம் பக்கம் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஜெயக்குமார் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"போலீஸ்ல சொல்லலாம் சார். சைபர்ல கண்டுபிடிச்சுருவாங்க."

"சொல்லலாம். அந்தக் கணக்கை மொதல்ல ஆரம்பிச்சது யாருன்னு கேப்பானே."

"கேப்பான்."

"அதுக்கு என்ன சொல்றது?"

"அதான் சார் ரிஸ்க்."

வீடு திரும்பினார். உண்மைவிரும்பி காத்திருந்தார்.

'அந்தப் பெஞ்சுகளைப் பஸ் ஸ்டாப்பில் போட்டு, மூலையில் மக்கும் பேனர் துணியைக் கூரையாகக் கட்டத் தலைவருக்குத் துணிவு உண்டா? அல்லது அவர் வெறும் காகிதப் புலியா?'

காகிதப் புலி! அது பிச்சைமுத்துவின் சொந்தச் சொல். எத்தனையோ முதலாளிகளை, எத்தனையோ அதிகாரிகளை அவர் அந்தச் சொல்லால் கிழித்திருக்கிறார். அவர் வீட்டு அரிவாளை எடுத்து அவர் மேலேயே வீசியதுபோல் இருந்தது. ரத்தம் கொதித்தது. போனை எடுத்தார்.

"என்ன எழுதப் போறீங்க?" என்றாள் மயிலம்மாள்.

"தயார்னு எழுதப் போறேன். ஞாயித்துக்கிழமை காலையில. நேரலையில. ஊர் பாக்க."

"வேணாங்க. உங்களால முடியாது."

"என்ன முடியாது?"

"இடுப்பு புடிச்சுக்கும். அந்தக் காலம் வேற. பேசறதோட விட்டுருங்க. பேச்சுன்னா உங்களுக்கு நல்லா வருது."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புதான் அவரைச் சுட்டது. 'தயார்! தயார்! தயார்!' என்று அழுத்தினார். வழக்கம்போல மூன்று.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. தொட்டியத்திலிருந்து மயிலம்மாளின் தம்பி காத்தான் இறங்கினான். ஆட்டோ நிறைய, வாழைக்கு முட்டுக் கொடுக்கும் சவுக்குக் கம்புகள்.

"என்ன மாப்ள, திடுதிப்புனு?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மச்சான்."

"கம்போடயா?"

காத்தான் அக்காவைப் பார்த்தான். அக்கா ஆகாயத்தைப் பார்த்தாள்.

"தனியா வர போரடிச்சுச்சு மச்சான்" என்றான்.

பேனர்களை எடுக்க முன் அறைக்குள் போனார் பிச்சைமுத்து. நாலைந்து பேனர்கள் ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கப்பட்டு, ஓரமெல்லாம் கயிறு கோத்து, அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"இதை யாரு தைச்சது?"

"கிழிஞ்சு கெடந்துச்சு. மிஷின் சும்மாதானே இருந்துச்சுன்னு ஓட்டினேன்" என்றாள் மயிலம்மாள். "ஏன், தப்பா?"

அவருக்கு அதை ஆராய நேரமில்லை. ஜெயக்குமார் போனைக் கம்பத்தில் கட்டி நேரலையை ஆரம்பித்துவிட்டான். காகிதக் கட்டுகளைத் தரையில் இறக்கினார்கள். பெஞ்சுகள் தாள் இல்லையே, அவை வெளியேறலாம். வாக்குறுதிக்குப் பழுதில்லை. காத்தான் ஒரு முனையையும் பிச்சைமுத்து மறுமுனையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். இடுப்பு பிடித்துக்கொள்ளத்தான் செய்தது. அவர் காட்டிக்கொள்ளவில்லை.

ரோட்டோரம் குழி தோண்டிக் கம்பு நட்டார்கள். கூரை ஏறியது. 'உழைப்பவனுக்கே உரிமை' என்று பழைய பேனர் எழுத்து தலைகீழாக நிழலில் ஆடியது. பெஞ்சுகள் போடப்பட்டன.

முதலில் ஒரு கீரைக்காரம்மா வந்து கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ரோசரி, வேலைக்குப் போகிற அவசரத்திலும், உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். "அப்பாடி" என்றாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஒன்றாம் நம்பர் பஸ், எப்போதும் எங்கேயோ தள்ளிப்போய் நின்று ஜனங்களை ஓடவிடுகிற பஸ், அன்று பெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

பேசச் சொல்லிப் போனைத் திருப்பினான் ஜெயக்குமார். வாழ்நாளில் முதல்முறையாகப் பிச்சைமுத்துவுக்குப் பேச்சு வரவில்லை. எத்தனை ஊர்வலம், எத்தனை மறியல், எத்தனை மனு. எதிலும் அவர் கேட்டது கையில் கிடைத்ததில்லை. இப்போது அவர் கேட்டதன் மேல் ஒரு கீரைக்காரம்மா உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். "இப்படியெல்லாம் கட்டக்கூடாதுங்க. எடுத்துடுங்க, நாங்க நல்லதா ஒண்ணு போட்டுத் தர்றோம்" என்றார்.

"போடுங்க. போட்டதுக்கப்புறம் எடுக்கறோம்" என்றார் பிச்சைமுத்து.

கூட்டம் கைதட்டியது. அதிகாரி நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

வெற்றி! வீட்டுக்கு வந்து, இடுப்பில் தைலம் தடவச் சொல்லிக் குப்புறப் படுத்தார். 'உண்மைவிரும்பி ஒழிந்தான்' என்று எழுதுவதற்குள் உண்மைவிரும்பி முந்திக்கொண்டார்.

'நிழற்குடை எழுந்தது. தலைவருக்கு வாழ்த்து. இனி அவர் அன்று அச்சடித்த உறுதி என்ன ஆயிற்று? நிழற்குடை எழும் நாள்வரைதானே தாள் வெளியேறாது? எழுந்துவிட்டதே! பிச்சைமுத்துவே, பதில் சொல்!'

கீழே அந்தப் பழைய துண்டறிக்கையின் படம். மூன்று உறுதியும் தெளிவாகத் தெரிந்தன. ஓரத்தில் பாதி நறுக்கிய வெண்டைக்காயும் தெரிந்தது. பிச்சைமுத்து வெண்டைக்காயைப் பார்க்கவில்லை. தன் வாசகத்தின் மிடுக்கைத்தான் பார்த்தார்.

"எமகாதகன்" என்றார். "ஆனா, விஷயம் தெரிஞ்சவன். என் எழுத்தைப் பத்திரமா வச்சிருக்கான் பாரு. இந்த ஊர்ல எனக்கு ஒரு நல்ல வாசகன் இருக்கான்னா அது என் எதிரிதான், மயிலு."

"ஆமாங்க" என்றாள் மயிலம்மாள், தைலத்தை அழுத்தித் தேய்த்தபடி. "ஒரு வரி விடாமப் படிச்சிருக்கான், பாவம்."

சொன்ன சொல் சொன்னதுதான். காகிதங்கள் வெளியேறின. பழைய பேப்பர்காரனிடம் போடுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. மயிலம்மாள்தான் வழி சொன்னாள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் துளைபோட்டு, சணலில் கோத்து, நிழற்குடைக் கம்பில் தொங்கவிட்டார்கள். மீதிக் கட்டுகளைக் காத்தான் தொட்டியம் வீட்டுப் பரணுக்கு ஏற்றிக்கொண்டு போனான். மறுநாள் பிச்சைமுத்து தூரத்தில் நின்று பார்த்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் ஆளுக்கொரு தாளைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். நின்றபோது விசிறிக்கொண்டவர்கள், உட்கார்ந்ததும் படிக்கிறார்கள்! ஒருவர் பஸ் வந்தும் ஏறாமல் கடைசிப் பத்தியை முடித்தார். இந்த ஊரில் பஸ் தாமதமாக வரும்வரை தனக்கு வாசகர்களுக்குப் பஞ்சமில்லை என்று பிச்சைமுத்துவுக்கு விளங்கியது.

முன் அறைக்கு வெள்ளை அடித்தார்கள். ஜன்னலைத் திறந்தார்கள். பல்லிக் குடும்பம் ஒலிபெருக்கியோடு மொட்டை மாடிக்குக் குடிபோனது.

எல்லாம் முடிந்தது. ஒன்றைத் தவிர. வென்றது யார் என்று பிச்சைமுத்துவுக்கு அறுதியிட்டுத் தெரியவேண்டியிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்து, மார்பை நிமிர்த்தி, தன் வாழ்நாளின் மிகத் துணிச்சலான அறைகூவலைப் பெருவிரலால் எழுதினார்.

'முகமூடிக்குள் ஒளிந்திருக்கும் உண்மைவிரும்பியே! நீ ஆண்மகனாயின், அஞ்சாதவனாயின், நாளைக் காலை என் வீட்டு வாசலுக்கு நேரில் வா! நான் காத்திருப்பேன்! காத்திருப்பேன்! காத்திருப்பேன்!'

அனுப்பினார். முன் அறைக்குள் 'டிங்' என்றது.

பிச்சைமுத்துவின் பெருவிரல் அந்தரத்தில் நின்றது. அவர் மெல்லத் தலையைத் திருப்புவதற்குள் கையிலிருந்த போனில் பதில் வந்துவிட்டது.

'வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏணிய எடுத்துக்கிட்டு உள்ள வாங்க, தூளிக்குக் கொக்கி மாட்டணும்.'